பிந்திய பங்கு

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருந்தெருவிலே வவுனியாவைக் கடந்து வடக்கே போகிறவர்கள், கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கும் மேற்கே மல்லாவி, துணுக்காய் வழியாக வெள்ளாங்குளத்துக்கும் பாதைகள் பிரிந்து செல்லும் மாங்குளத்தை ஒரு சந்தியாகவும், 1905ஆம் ஆண்டில் நிறைவெய்திய வடபகுதி இருப்புப்பாதையின் ஒரு நிலையமாகவும் மாத்திரமே அறிவார்கள். ஆனால் இந்தப் பிரதேசத்தின் பூகோளத்தை வரைந்தது நீரே. கனகராயன் ஆறு மாங்குளப் பக்கமாக வடக்கே ஓடி இரணைமடுவை நிரப்புகிறது. மேற்கே பாலியாறு வவுனிக்குளத்துக்கு நீர் கொண்டுவருகிறது. கிழக்கே முத்தையன்கட்டு கிடக்கிறது. இப்பெருங்குளங்களுக்கிடையே, பெயர் நிலைத்தனவும் பெயர் மறைந்து காட்டுக்குள் கரைந்தனவுமாகச் சிறுகுளங்கள் எத்தனையோ உள. ஒரு குளம், அதன் கீழே ஒரு வயல்வெளி, அதன் அருகே சில குடிகள்: நெடுங்காலமாக வன்னிக் கிராமம் என்பது இவ்வளவே.

அக்குளங்களின் கட்டைக் காக்கும் வேலை எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதையும், பங்கிட்ட வேலையில் ஒருவர் பிந்தினால் அனைவரும் என்ன செய்வது என்ற பழங்கேள்விக்கு ஆயிரக்கணக்கான கணினிகளைப் பூட்டி ஒரே கணக்கைச் செய்விக்கும் நம் காலத்துக் கணிதசாஸ்திரம் எவ்வாறு ஒரு புதிய விடை கண்டது என்பதையும் சேர்த்து எழுதுவதே என் நோக்கம். இவ்விரண்டும் ஒரே சரித்திரத்தின் முன்பகுதியும் பின்பகுதியும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

காலபோகத்து மழை இறங்குவதற்கு முன், குளம் வற்றிக் கிடக்கும் கோடையிலே கட்டுவேலை நடக்கும். வயல்வெளியில் ஒருவருக்கு எவ்வளவு காணியோ அவ்வளவுக்குக் கட்டிலும் அவருக்குப் பங்கு உண்டு. குளத்தின் வயிற்றிலிருந்து மண்ணை வெட்டி, கடகத்தில் அள்ளி, தலையிற் சுமந்து ஏறிக் கொட்டி, மிதித்து இறுக்கவேண்டும். மாடுகள் ஏறியிறங்கிய பள்ளங்களை நிரப்பவேண்டும். கட்டில் வேரோடும் மரஞ்செடிகளை, அவ்வேர் உளுத்த பிறகு அதன் வழியே நீர் கசியும் ஆதலால், இளமையிலேயே களைந்துவிடவேண்டும். துருசின் வாயில் அடைந்த சேற்றை அகற்றவேண்டும். இவற்றில் எதுவும் தனியே பார்த்தால் கடினமான காரியமன்று. ஆயினும் மற்ற வேலைகளுக்கு இல்லாத ஒரு கொடுமை இதற்கு உண்டு. பத்துப் பேர் சேர்ந்து கதிர் அறுக்கும் வயலில் ஒருவர் வராவிட்டால் பத்தில் ஒரு பங்கு கதிர் நிற்கும். மற்ற ஒன்பது பங்கும் வீடு சேரும். பத்துப் பேர் சேர்ந்து கட்டும் குளக்கட்டில் ஒருவருடைய பங்கு தாழ்ந்து நின்றால், மார்கழி வெள்ளம் அந்த ஒரு பங்கின் வழியே வெளியேறும். மற்ற ஒன்பது பேர் சிந்திய வியர்வையும் அதனோடு போய்விடும். கட்டின் உயரம் என்பது அதன் மிகத் தாழ்ந்த பங்கின் உயரமே.

இந்த உண்மையைத் தமிழர் வேறெங்கும் தேடவேண்டியதில்லை; திருவிளையாடற் கதைகளுள் பிட்டுக்கு மண் சுமந்த கதையே இதுதான். வைகை கரை உடைத்துப் பெருகியபோது, பாண்டியன் கரையை அளந்து குடிகளுக்குப் பங்கிட்டான். பிட்டு விற்றுச் சீவிக்கும் வந்தி என்னும் கிழவிக்கும் ஒரு பங்கு விழுந்தது, அவளுக்கோ ஆளில்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று உண்டு, மண்ணைச் சுமப்பதுபோலச் சுமந்து, ஆடிப் பாடிப் பின் உறங்கியும் போனார். ஊரார் பங்கெல்லாம் அடைபட்டிருக்க, வந்தியின் பங்கு மாத்திரம் திறந்து கிடந்தது. மன்னன் பிரம்பை ஓங்கி அடித்தான். அந்த அடி அவன் முதுகிலும், அரசி முதுகிலும், உலகத்து உயிர்கள் யாவற்றின் முதுகிலும் விழுந்தது. ஈழத்துச் சிவாலயங்களிலே மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் மாணிக்கவாசகர் சரிதத்தை ஒருவர் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் வழக்கம் உண்டு. இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பதே அவ்வடியின் பொருள் என்று பெரியோர் விளக்குவர். அவ்விளக்கத்தை முழுதும் வணங்கி ஏற்றுக்கொண்டு, கட்டுவேலை அறிந்த கமக்காரன் அக்கதையில் இன்னொன்றையும் கேட்டிருப்பான் என்று நினைக்கிறேன்: பங்கு பிந்தியதற்குக் காரணம் ஆளில்லாமை, மன்னன் கண்ட பரிகாரமோ பிரம்பு, பிரம்படியால் ஒரு கூடை மண்கூடக் கரையில் ஏறவில்லை, அடியின் வலி மட்டும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது.

சரித்திர காலத்தில் அந்தப் பிரம்பின் இடத்தில் இராசகாரியம் என்னும் ஊழியமுறை இருந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் ஆலோசனைப்படி 1832இல் ஆங்கில அரசு அதனை ஒழித்தது. மனிதரைக் கட்டாயத்திலிருந்து விடுவித்த அந்தச் செயலை எவரும் குறை கூறார். எனினும் சிறுகுளங்களின் கட்டுவேலைக்கு ஆளைக் கூட்டும் அதிகாரமும் அதனோடு மறைந்ததால், இலங்கையின் வறண்ட பிரதேசமெங்கும் குளங்கள் தூர்ந்தன, உடைந்தன. தேசாதிபதி சேர் ஹென்றி உவார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் நீர்ப்பாசனம், நெற்செய்கை பற்றிய பழைய வழக்கங்களைத் திரும்பவும் உயிர்ப்பித்து அவற்றுக்குச் சட்டபலம் தந்தது. அதன் வழிவந்த சட்டங்களில் இரண்டு உபாயங்களைக் காண்கிறோம். முதலாவது, பங்கு வேலை செய்யாதவனுக்குத் தண்டம். இரண்டாவது, அவன் செய்யாத பங்கை வேறொருவரைக்கொண்டு செய்வித்து, செலவை அவனிடமே அறவிடுதல். முதலாவது பாண்டியனுடைய பிரம்பே. சற்று நாகரிகமடைந்த பிரம்பு. இரண்டாவது உபாயம் அறிவுடையது. உடைந்த இடத்தை அது உண்மையாகவே அடைக்கிறது. ஆனால் ஒருவன் பிந்திவிட்டான் என்பது வெளிப்படையாகத் தெரிந்த பிறகே அதனைப் பிரயோகிக்க முடியும்; அதற்குள் மழை இறங்கிவிடலாம்.

பிந்தியவர் சோம்பேறிகள் என்று உத்தியோகத்தர் எழுதியதை அப்படியே நம்பிவிடலாகாது. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலைப் புரட்டுகிறவர்கள், காய்ச்சலால் மெலிந்து, குடிசனம் குறைந்து, பத்துக் குடிகள் வேலை செய்யவேண்டிய கட்டில் மூன்று குடிகள் நிற்கும் ஒரு நாட்டையே அங்கே சந்திப்பார்கள். மலேரியா நடுக்கத்தில் பாயில் கிடப்பவனுக்குத் தண்டம் விதிப்பதனால் என்ன பயன்? பிந்துவோர் எப்போதும் இருப்பார்கள். எவர் பிந்துவார் என்பதோ முன்கூட்டித் தெரியாது. இந்த இரண்டு உண்மைகளையும் ஏற்றுக்கொண்டு, யாரையும் அடிக்காமல், யாருக்காகவும் காத்திராமல் வேலையை முடிக்க ஒரு முறை உண்டா என்பதே கேள்வி. மண்ணைப் பொறுத்தவரையில் அப்படி ஒரு முறை இல்லை. எண்களைப் பொறுத்தவரையில் உண்டு என்று தெரிவதற்கு இருபத்தோராம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

கணக்கைப் பலருக்குப் பங்கிடும் வழக்கம் மின்கணினிக்கு மிக முற்பட்டது. 1767ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்து வெளியிட்ட கடற்பஞ்சாங்கத்துக்காக, நெவில் மாஸ்கலின் என்னும் அரச வானநூலறிஞர், நாட்டின் பல ஊர்களில் தத்தம் வீட்டிலிருந்தே கணிப்பவர்களை அமர்த்தினார். ஒரே மாதத்துச் சந்திரன் நிலைகளை இருவர் தனித்தனியே கணிப்பர். மூன்றாமவர் இரண்டையும் ஒப்பிடுவார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பிரோனி என்பவர் பெரிய மடக்கை அட்டவணைகளைத் தயாரித்தபோதும், கூட்டலும் கழித்தலும் மட்டுமே தெரிந்த பலரை அமர்த்தி, ஒவ்வொரு கணக்கையும் இருமுறை வேறுவேறாகச் செய்வித்தார். இந்த இரட்டிப்பு பிழையைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்டது. தாமதத்தை அது நீக்கவில்லை, கூட்டியது. ஒருவர் பிந்தினாலும் ஒப்பிடுபவர் கைகட்டி இருக்கவேண்டியதுதானே! பிழைக்கு அஞ்சி இரட்டிப்பவன் இருவரும் வருமளவும் காத்திருக்கிறான். தாமதத்துக்கு அஞ்சி இரட்டிப்பவன் முந்தி வந்தவரோடு புறப்பட்டுவிடுகிறான். இந்த நுட்பமான பேதம் பின்னர் வரும் சரித்திரத்துக்கு இன்றியமையாதது.

இப்போது 2004ஆம் ஆண்டுக்கு வருவோம். கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெப் டீனும் சஞ்சய் கெமாவத்தும், ஒரு பெரிய கணக்கைத் துண்டுகளாக்கி ஆயிரக்கணக்கான சாதாரணக் கணினிகளுக்குப் பகிர்ந்து, திரும்பி வரும் விடைகளைத் தொகுக்கும் மாப்ரெடியூஸ் என்ற முறையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிலே பிந்துகிற கணினிகளைப் பற்றிய ஒரு பகுதி இருக்கிறது. நீர்ப்பாசன விதானையார் ஒருவருடைய நாட்குறிப்பை வாசிப்பதுபோலவே எனக்கு அது தோன்றியது. ஒரு கணினியின் வட்டு பழுதாகி, வினாடிக்கு 30 மெகாபைட் வாசித்தது 1 மெகாபைட்டே வாசிக்கிறது. அது நின்றுவிடவில்லை, ஆகவே எவரும் அதைப் பழுதென்று எண்ணவில்லை. வேறு சில கணினிகளிலே, தொடங்கும்போது நேர்ந்த ஒரு பிழையால் இடைநினைவகம் செயலிழந்து, வேகம் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆயிரத்தெண்ணூறு கணினிகள் சேர்ந்து ஆயிரம் கோடிப் பதிவுகளை வரிசைப்படுத்திய ஒரு பரீட்சையில், 960 வினாடிகளில் ஐந்து துண்டுகள் தவிர ஏனைய யாவும் முடிந்துவிட்டன. அந்த ஐந்துக்காக மேலும் 300 வினாடிகளுக்குமேல் முழுப்படையும் காத்துக்கிடந்தது. அவர்கள் கையாண்ட பரிகாரம் 1856இன் இரண்டாவது உபாயமேதான்: வேலை முடியுந் தறுவாயில், இன்னும் முடியாத துண்டுகளை வேறு கணினிகளுக்கும் கொடுத்து, எது முந்துகிறதோ அதை ஏற்றுக்கொள்வது. அதனால் 1,283 வினாடிகள் பிடித்த வேலை 891 வினாடிகளில் முடிந்தது.

காத்திருப்பின் கணிதம் எவ்வளவு இரக்கமற்றது என்பதை, 2013இல் டீனும் லூயிஸ் பரோசோவும் எழுதிய மற்றொரு கட்டுரை காட்டியது. நூற்றில் ஒரு தடவை மாத்திரம் ஒரு வினாடிக்குமேல் தாமதிக்கும் நல்ல கணினிகளாகவே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வோம். ஒரு வினாவுக்கு விடை காண நூறு கணினிகளிடமிருந்தும் பதில் வரவேண்டுமானால், அந்த நூறில் ஒன்றாவது பிந்துவதற்கு உரிய வாய்ப்பு நூற்றுக்கு 63. ஒவ்வொருவரும் ஒழுங்கானவராக இருந்தும் கூட்டம் பெரும்பாலும் பிந்துகிறது. தனிமனிதருடைய குற்றமாக எண்ணப்பட்டது கூட்டத்தின் இயல்பு என்று இங்கே எண்களால் நிரூபிக்கப்பட்டது. வன்னியிலே தண்டம் இறுத்தவர்களுக்கு இந்த ஒரு வரிக் கணக்கை எடுத்துச் சொல்ல அன்று எவரும் இருக்கவில்லை.

இரட்டித்துச் செய்வித்தல் நல்ல உபாயமாயினும் ஊதாரித்தனமானது. நூறு துண்டுகளில் ஒவ்வொன்றையும் முதலிலேயே இரண்டு கணினிகளுக்குக் கொடுத்தால் இருநூறு கணினிகள் வேண்டும். அப்போதும், ஒரே துண்டைப் பெற்ற இருவரும் பிந்திவிட்டால் வேலை நின்றுவிடும். இருநூறில் இருவர் பிந்துவதையே தாங்காத ஏற்பாடு அது. இதைவிடச் சிக்கனமானதொரு காவல் கணிதத்தில் வேறொரு காரியத்துக்காக முன்னமே உருவாகியிருந்தது. அதுவே குறிமுறைச் சாஸ்திரம்.

1940களின் இறுதியில் பெல் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த ரிச்சர்ட் ஹாமிங், வார இறுதியில் இயந்திரத்திடம் ஒப்படைத்துச் சென்ற கணக்குகள் இடையில் ஒரு பிழை நேர்ந்ததும் கைவிடப்பட்டுக் கிடப்பதைக் கண்டு மனம் வெதும்பி, பிழையைக் கண்டறியக்கூடிய இயந்திரம் அதைத் திருத்தவும் ஏன் கூடாது என்று கேட்டார். சில மேலதிக இலக்கங்களைச் சேர்த்து அனுப்பினால் பிழை இருக்குமிடத்தை அந்த இலக்கங்களே காட்டும் என்ற அவருடைய குறிமுறை 1950இல் அச்சேறியது. பத்தாண்டு கழித்து, 1960இல், இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்னும் இருவர் ஐந்தே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு புள்ளிகள் கிடைத்தால் ஒரு நேர்கோடு நிச்சயமாகிவிடும். அந்தக் கோட்டில் ஐந்து புள்ளிகளைக் குறித்து அனுப்பி, அவற்றுள் எந்த மூன்று தொலைந்தாலும் எஞ்சிய இரண்டைக்கொண்டு கோட்டை மீட்டுவிடலாம். புள்ளிகள் கூடக் கூட, நேர்கோட்டின் இடத்தில் வளைகோடுகள் வரும், தத்துவம் அதுவே. எவை வந்து சேர்ந்தன என்பது முக்கியமன்று, எத்தனை வந்தன என்பதே போதும். விண்கலங்களின் செய்திகளும் இசை இறுவட்டுகளும் இந்தத் தத்துவத்தால் பிழைத்தன.

இதே காலத்தில் பாரதநாட்டுக் கணிதர் இருவருடைய பெயரும் இச்சாஸ்திரத்தில் நிலைபெற்றது. ராஜ் சந்திர போஸும் அவருடைய மாணாக்கர் ராய் சௌதுரியும் 1960இல் வெளியிட்ட குறிமுறைகளை, அவற்றைத் தனியே கண்டறிந்த பிரெஞ்சுக்காரரான ஒக்கெங்கெமின் பெயரோடு சேர்த்து இன்றும் மூவர் பெயராலேயே வழங்குகிறோம். போஸ் இந்தத் துறைக்கு வந்த வழி, வயல்வெளிகளுக்கு நடுவே இருந்து இதை எழுதுகிற எனக்குத் தனி மகிழ்ச்சி தருவது. 1931இல் மகலனோபிஸ் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அவர் சேர்ந்தபோது, அங்கே பேசப்பட்ட பிரச்சினைகளுள் ஒன்று பயிர்ப் பரீட்சை: மண்வளம் இடத்துக்கிடம் மாறும் நிலத்தில், பல பயிரினங்களை எந்தெந்தப் பாத்தியில் எவ்வாறு இட்டால், எல்லாவற்றையும் எல்லாப் பாத்தியிலும் இடாமலே, ஒவ்வொரு சோடியையும் நியாயமாக ஒப்பிடலாம்? இதற்கு விடையாக 1939இல் அவர் எழுதிய கட்டுரையின் வடிவகணிதமும், அதே நிறுவனத்தில் சி. ஆர். ராவ் 1940களில் அமைத்த செங்குத்து வரிசைகளும், பின்னாளில் குறிமுறைச் சாஸ்திரத்தின் அத்திவாரக் கற்களாயின. பாத்தியிலே பயிரை நியாயமாகப் பங்கிடும் கணிதம் செய்தியைக் காக்கும் கணிதமாயிற்று.

செய்தியைக் காத்த குறிமுறை செய்கையையும் காக்குமா? 1984இல் ஹுவாங், ஜேக்கப் ஏபிரகாம் என்னும் இருவர், எண்களை நிரைநிரலாக அடுக்கிய தாயங்களின் நிரைகளோடும் நிரல்களோடும் அவற்றின் கூட்டுத்தொகையையும் சேர்த்துவிட்டுப் பெருக்கினால், பெருக்கத்தின் விடையிலும் அந்தக் கூட்டுத்தொகைகள் குலையாமல் வரும், ஆகவே நடுவே நேர்ந்த பிழை தானாக வெளிப்படும் என்று காட்டினார்கள். இங்கும் எதிரி பிழையே, தாமதம் அன்று. இடையில் சேமிப்புத் துறை வளர்ந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பி. விஜய்குமாரும் அவருடைய மாணாக்கர்களான கே. வி. ராஷ்மியும் நிஹார் ஷாவும், பல கணினிகளில் குறிமுறைப்படி சிதறி வைத்த தகவலில் ஒரு கணினி அழிந்தால் மிகக் குறைந்த தகவற் போக்குவரத்தோடு அதைப் புதுப்பிக்கும் வழிகளை 2011 அளவில் அமைத்தார்கள். ராஷ்மி மேற்படிப்புக்குச் சென்ற பெர்க்லி சர்வகலாசாலையில், அவருடைய ஆசிரியரான கண்ணன் ராம்சந்திரனும், லீ, லாம், பெதர்சானி, பாபயிலியோபூலோஸ் என்ற நால்வரும் 2015இல் கடைசிப் படியை ஏறினார்கள். பிந்துகிற கணினியை, செய்தியில் தொலைந்த இலக்கமாக எண்ணுங்கள் என்றார்கள். அவ்வளவுதான். பிந்தியவனைத் தேடாதீர்கள், அவன் வரவில்லை என்றே வைத்துக்கொண்டு, வந்தவர்களிடமிருந்து விடையை மீட்டுக்கொள்ளுங்கள்.

இதன் எளிய உருவத்தைப் பார்ப்போம். ஒரு பெரிய தாயத்தை மேற்பாதி, கீழ்ப்பாதி என இரண்டாக்கி, முதற் கணினிக்கு மேற்பாதியையும், இரண்டாவதற்குக் கீழ்ப்பாதியையும், மூன்றாவதற்கு இரண்டையும் கூட்டிவந்த ஒரு புதுப்பாதியையும் கொடுக்கிறோம். மூன்றும் தமக்குக் கிடைத்ததை ஒரே எண்வரிசையால் பெருக்கவேண்டும். முதலாவது பிந்தினால், மூன்றாவதன் விடையிலிருந்து இரண்டாவதன் விடையைக் கழித்தால் முதலாவதன் விடை வந்துவிடுகிறது. இரண்டாவது பிந்தினாலும் அவ்வாறே. மூன்றாவது பிந்தினால் குறையொன்றுமில்லை. இங்கே மூன்றாவது கணினி எவருக்கும் பதிலாள் அல்ல. எவர் பிந்துவார் என்று அறியாமலே, எவர் பிந்தினாலும் அவர் இடத்தை நிரப்பவல்லதாக நிற்கிறது. கூட்டிப் பெருக்கினாலும் பெருக்கிக் கூட்டினாலும் விடை ஒன்றே என்ற, பள்ளிப் பிள்ளையும் அறிந்த விதியே இதற்கு ஆதாரம். மாங்குளத்துக்கு வடக்கே முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டினால், அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே கணினிப் பொறியியல் கற்கும் மாணவன் தன் முதலாண்டுக் கணிதத்தைக்கொண்டே இதனை முழுமையாக விளங்கிக்கொள்வான்.

நூறு கணினிகளுக்கு இதை விரித்தால் பயன் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் எடுக்கும் நேரம் எழுந்தமானமாக மாறி, அடுக்குக்குறிப் பரம்பலைப் பின்பற்றுவதாகக் கொண்டால், நூறும் முடியும்வரை காத்திருப்பவன் சராசரிக் கணினி எடுக்கும் நேரத்தைப்போல ஏறக்குறைய 5.19 மடங்கு காத்திருக்கவேண்டும். எந்தத் தொண்ணூறு வந்தாலும் போதும் என்று குறிமுறையால் அமைத்துவிட்டால், ஒவ்வொன்றின் பாரம் ஒன்பதில் ஒரு பங்கு கூடுகிறது; அந்தப் பாரத்தையும் சேர்த்தே காத்திருப்பு ஏறக்குறைய 2.51 மடங்காக, அதாவது பாதிக்கும் குறைவாக, இறங்கிவிடுகிறது. கடைசிப் பத்துப் பேர் பகலின் பாதியை விழுங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதே இதன் கருத்து. கணினிகள் பெருகப் பெருக இவ்வித்தியாசமும் மடக்கை விகிதத்தில் பெருகும் என்று பெர்க்லி அறிஞர்கள் நிறுவினார்கள்.

இதனைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளில் என் மனத்தைக் கவர்ந்தது, தாண்டன், லேய், திமாக்கிஸ், கரம்பற்சியாகிஸ் என்பவர்கள் 2017இல் வெளியிட்ட ஒரு பங்கீடு. மூன்று பகுதித் தொகைகளின் கூட்டுத்தொகை ஒன்றே வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவை 12, 20, 30 ஆகுக. ஒவ்வொரு கணினியும் இரண்டு பகுதிகளைக் கணிக்கிறது. ஆனால் அனுப்புவது ஓர் எண்ணை மாத்திரமே. முதலாவது, முதற்பகுதியின் பாதியோடு இரண்டாம் பகுதியைக் கூட்டி 26 என்று அனுப்பும். இரண்டாவது, இரண்டாம் பகுதியிலிருந்து மூன்றாம் பகுதியைக் கழித்து, குறை 10 என்று அனுப்பும். மூன்றாவது, முதற்பகுதியின் பாதியோடு மூன்றாம் பகுதியைக் கூட்டி 36 என்று அனுப்பும். முதலாவதும் மூன்றாவதும் வந்தால் 26உம் 36உம் கூடி 62. மூன்றாவது பிந்தினால், 26ஐ இரட்டித்துக் குறை 10ஐக் கழிக்க, அதே 62. முதலாவது பிந்தினால், 36ஐ இரட்டித்துக் குறை 10ஐக் கூட்ட, மீண்டும் 62. வரவுகள் மாற மாற விடை மாறாமல் நிற்கும் இந்த அழகை வாசகர்கள் ஒரு கடதாசியில் எழுதிப் பார்க்கவேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

மண்ணால் இது ஏன் முடியாது என்பதும் இங்கே தெளிவாகிறது. என் பங்கையும் அயலவர் பங்கையும் கூட்டி ஒரு கடகத்தில் சுமந்து, பின்பு தேவைப்பட்டபோது அதிலிருந்து ஒன்றைக் கழித்து மற்றதைக் கட்டிலே பரப்ப இயலாது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் மாங்குளத்தையும் சூழவுள்ள ஊர்களையும் விட்டு இடம்பெயர்ந்த குடிகள், போர் ஓய்ந்து திரும்பி வந்து, கண்ணிவெடி அகற்றப்பட்ட பின் தம் சிறுகுளங்களின் கட்டுகளைத் திருத்தியபோது, எண்கள் தரும் இச்சலுகை அவர்களுக்குக் கிட்டவில்லை. திரும்பி வராதவர்களின் பங்கையும் வந்தவர்களே சுமந்தார்கள்.

எண்களிலும் இந்த உபாயம் இலவசமாகக் கிடைப்பதன்று. பங்குகளைக் குறிமுறைப்படி கலப்பதற்கும், விடைகளைப் பிரித்தெடுப்பதற்கும் தனி உழைப்பு வேண்டும்; துண்டுகள் மிகுந்தால் பிரித்தெடுக்கும் சமன்பாடுகள் தசமப் பிழைகளை ஊதிப் பெருக்கிவிடும். இதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று: பிந்திய கணினி முக்காற்பங்கு செய்து முடித்த வேலையும் முதல் அமைப்புகளில் வீணாக எறியப்பட்டது. கார்னகி மெலன் சர்வகலாசாலையில் கௌரி ஜோஷியும் அவருடைய குழுவினரும் இதைச் சீர்திருத்தினார்கள். பங்குகளைச் சிறு சிறு கலவைகளாக, வேண்டுமளவு, முடிவின்றி உண்டாக்கிக் கொடுக்கும் அவர்கள் முறையில், விரைந்தவன் அதிகம் அனுப்புகிறான், மெல்லச் செய்பவன் குறைவாக அனுப்புகிறான். மொத்தக் கலவைகள் போதிய அளவு சேர்ந்தவுடன் வேலை முடிகிறது. மெல்லச் செய்தவனுடைய ஒரு பிடியும் கணக்கில் ஏறுகிறது. இம்முறையை நான் மற்ற எல்லாவற்றிலும் உயர்வாக மதிக்கிறேன்.

பெருக்கலும் கூட்டலும் மாத்திரம் உள்ள கணக்குகளுக்கு இவ்வளவும் பொருந்தும். இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவு செய்யும் கணக்குகளிலோ, கூட்டிச் செய்தால் ஒரு விடையும் செய்து கூட்டினால் வேறு விடையும் வரும். ஆகவே மூன்றாவது கணினியின் தந்திரம் அங்கே செல்லாது. 2019இல் கொசையன், ராஷ்மி, வெங்கடராமன் என்னும் மூவர் இதற்கு ஒரு வழி கூறினார்கள். கலந்த கேள்வியைப் பெற்று, கலந்த விடையை ஒத்ததோர் எண்ணைத் தருமாறு இன்னொரு நுண்ணறிவு அமைப்பையே பழக்கி வைத்துவிட்டு, ஒரு கணினி பிந்தும்போது, அதன் விடையை அந்த அமைப்பின் உதவியால் கழித்து அறிவது. இவ்வாறு கிடைக்கும் விடை துல்லியமானதன்று, அதனை ஒட்டியது. நேரத்துக்கு வந்த ஒட்டிய விடை, பிந்தி வரும் துல்லியமான விடையிலும் மேலாகும் இடங்கள் எவை என்பதை ஒவ்வொரு துறையும் தன் அனுபவத்தால் தீர்மானிக்கவேண்டியிருக்கிறது. அந்த ஆராய்ச்சி இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.